வட்டம் பூசப்படாத விமானம்

மலாயாவுக்கு நான் கப்பலேறியது மருமகளைப் பார்ப்பதற்காக. என் மகன் சபாபதி, கெடாவில் சுங்கை பட்டாணி ஊரை ஒட்டிய பிரிட்டிஷ் விமானத் திடலில் பண்டகசாலை எழுத்தராக இருந்தான். செமிலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கிராணியாராக அலுவலகக் கணக்கு எழுதிவந்தவரின் மகளை அங்கேயே மணந்துகொண்டான். "ஒரு முறை வந்து போங்கள் அப்பா. மருமகளைப் பார்க்கலாம். திடலில் உங்களுக்குப் பிடித்தமானவர்களும் பலர் நிற்கிறார்கள்" என்று எழுதியிருந்தான்.

பிடித்தமானவர்கள் என்று அவன் குறிப்பிட்டது விமானங்களை. திருச்சியில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். விமானம் என் பாடமல்ல, என் பித்து. சீமைச் சஞ்சிகைகளிலிருந்து படங்களைக் கத்தரித்து மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டிவைப்பேன். வானில் ஒலி கேட்டால் வகுப்பை நிறுத்திவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பேன். தாயில்லாமல் வளர்ந்த சபாபதிக்கு நான் சொல்லித்தந்த முதல் விளையாட்டு, கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் ஒலியை மட்டும் கேட்டு விமானத்தின் வகையைச் சொல்வது.

பினாங்கில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போவதாகச் சபாபதி சொல்லி அனுப்பியிருந்தான். அந்த ஞாயிறு வருவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் சுங்கை பட்டாணித் திடலின்மீது குண்டு போட்டன. வேலைக்குப் போயிருந்த தமிழர்களில் பலர் வீடு திரும்பவில்லை. சபாபதியும் திரும்பவில்லை. உடல் என்று எதுவும் கிடைக்கவில்லை. சில நாட்களில் பிரிட்டிஷார் போனார்கள், ஜப்பானியர் வந்தார்கள், கடல்வழி மூடிக்கொண்டது. பினாங்கில் தமிழ்ப் பள்ளி ஆசிரியராக இருந்த என் பழைய மாணவர் ஒருவரின் வீட்டில் நான் விருந்தாளியாகத் தங்கி, பிறகு விருந்தாளி என்ற சொல்லுக்கே பொருளில்லாத அளவுக்கு அங்கேயே இருந்துவிட்டேன்.

மகனுக்கு நான் கருமம் செய்யவில்லை. சான்று இல்லாத முடிவை எழுதக் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் மாணவர்களுக்குச் சொன்னவன். மற்றவர்கள் அதைப் பிடிவாதம் என்றார்கள். நான் மறுக்கவில்லை.

ஏறத்தாழ ஓராண்டு கழிந்த நிலையில், கரி லாரி ஓட்டும் ஆறுமுகம் என்பவர் மருமகள் பாக்கியத்திடமிருந்து வாய்மொழியாகச் செய்தி கொண்டுவந்தார். "எடம் கெடைச்சிருச்சாம் ஐயா. மாமா வந்து தண்ணி விடணும்னு சொல்லச் சொன்னாங்க. அந்தத் தெடல்லதான் ஜப்பான்காரன் இப்ப ஏரோப்பிளேன் காட்சி வச்சிருக்கான். வெள்ளிக்கெழமை எல்லாரையும் உள்ள வுடுறான்."

பிரிட்டிஷாரிடம் கைப்பற்றிய விமானங்களை வரிசையாக நிறுத்தி மக்களுக்குக் காட்டுகிறார்கள் என்பது எனக்கும் தெரிந்திருந்தது. போகும்படி பள்ளிகளுக்கு உத்தரவே வந்திருந்தது. செய்தியைக் கேட்டதும் மனத்தில் முதலில் எழுந்தது மகனா, விமானமா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாமல் பெட்டியைக் கட்டினேன்.

முதல் நாள் படகுத்துறையிலேயே ஒரு பாடம். காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் கடக்க வேண்டும். நம் ஊரில் கலெக்டருக்குக் கும்பிடு போடுவதில் ஒரு சலுகை உண்டு. எவ்வளவு குனிவது என்பதைக் குனிகிறவனே தீர்மானிக்கலாம். இங்கே அதற்குக் கோணம் உண்டு. எனக்கு முன்னால் போன சீனக் கிழவர் குறைவாகக் குனிந்தார். வெயிலில் ஒரு கல்லைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்கும்படி ஆயிற்று. நாங்கள் படகில் ஏறி, படகு நகர்ந்து, கரை சிறிதாகும் வரை அவர் கைகள் உயர்ந்தே இருந்தன. படகில் இருந்த யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க மனிதர்கள் எவ்வளவு விரைவில் கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் என்னைத் திடுக்கிடச் செய்தது. நானும் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன்.

அக்கரையில் ஆறுமுகத்தின் லாரி நின்றது. பெட்ரோல் ராணுவத்துக்குப் போய்விட்டபடியால் பின்புறம் ஓர் இரும்பு உருளை பொருத்தி, அதில் மரக்கரியை எரித்து, வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள்.

"லாரின்னு நெனச்சு ஏறாதீங்க ஐயா. இது அடுப்பு. நாலு சக்கரம் வச்ச அடுப்பு. பசிச்சா ஊபி சுட்டுக்கலாம்" என்றார் ஆறுமுகம். ஊபி என்பது மரவள்ளிக்கிழங்கு. அந்த ஆண்டு மலாயா முழுவதற்கும் அதுவே அன்னம்.

மேடு வரும்போதெல்லாம் இறங்கித் தள்ளினோம். லூனாஸிலிருந்து மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பருத்த அம்மாள் மட்டும் இறங்க மறுத்தார்.

"காசு குடுத்து ஏறுனவ நானு. தள்றதுக்கு எனக்கு நீ கூலி குடுப்பியா?"

"நீங்க எறங்கினாலே போதும் அக்கா, தள்ளவே வேணாம்" என்றார் ஆறுமுகம்.

லாரி முழுவதும் சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்துவிட்டு இறங்கினார். சிரிப்பு அடங்கியபோது, சாலையோர மரமொன்றில் ராணுவம் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த ஓர் அறிவிப்புப் பலகையைக் கடந்தோம். அதில் என்ன எழுதியிருந்தது என்று எவரும் படித்துச் சொல்லவில்லை.

மூடா ஆற்றுப் பாலம் பின்வாங்கியவர்களால் தகர்க்கப்பட்டு, பலகைப் பாலமாக மாறியிருந்தது. நடந்து கடந்தோம். எதிரே ஒரு மலாய்க்காரர் சைக்கிளில் வந்தார். டயர் இருக்க வேண்டிய இடத்தில் கயிறு சுற்றியிருந்தார். சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரங்கள். அவற்றின் நடுவே டயரில்லாத சைக்கிள் தடதடவென்று போயிற்று.

சுங்கை பட்டாணியில் பாய் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் இறங்கினேன். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். சுவர்க் கடிகாரம் வெயிலுக்குப் பொருந்தாத நேரம் காட்டியது. நாடு முழுவதும் டோக்கியோ நேரத்தில் ஓட வேண்டும் என்பது ஆணை.

"என்ன இருக்கிறது பாய்?"

"எல்லாம் இருக்குங்க. இட்டிலி இருக்கு, புட்டு இருக்கு, அப்பம் இருக்கு. எல்லாம் ஊபி. கோப்பி இருக்கு, கொட்டதான் இல்ல. தேங்கா ஓட்டக் கருக்கிப் போடுறேன், மொகத்தச் சுளிக்காம குடிச்சிருங்க. போன வாரம் ஒருத்தர் நல்லாயிருக்குன்னாரு. எனக்கே பயமாப் போச்சு."

நான் திடலுக்குப் போகிறேன் என்று அறிந்ததும் அவர் குரல் தாழ்ந்தது. "பாத்துட்டு வாங்க. ஆனா வாயத் தொறக்காதீங்க ஐயா. படிச்சவங்கதான் இங்க மொதல்ல மாட்டிக்கிறாங்க." பிறகு, காசு வாங்க மறுத்துவிட்டு, "சபாபதித் தம்பி அந்த மூலையிலதான் உக்காருவாரு" என்றார். நான் அதுவரை என் பெயரையும் சொல்லவில்லை, அவன் பெயரையும் சொல்லவில்லை. முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் செமிலிங் தோட்டத்தை அடைந்தேன். பால் வெட்டு நின்றுபோன தோட்டம். மரங்களில் மங்குகள், அதாவது ரப்பர்ப் பால் பிடிக்கும் கிண்ணங்கள், மழைநீரோடு கவிழாமல் தொங்கின. தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு முன்னால் இருந்த இடமெல்லாம் மரவள்ளி. கிராணியார், என் சம்பந்தி, மலேரியாவில் படுத்திருந்தார். கொய்னா மருந்து கிடைப்பதில்லை. என்னைப் பார்த்து எழ முயன்று முடியாமல், கையை மட்டும் குவித்தார்.

பாக்கியத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவ்வளவு இளம் பெண்ணாக இருப்பாள் என்று நினைத்திருக்கவில்லை. காலில் விழுந்து எழுந்தவளின் கழுத்தில் தாலி இருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை.

"பொட்டு வச்சா ஒரு பேச்சு, வைக்காட்டி ஒரு பேச்சு மாமா" என்றாள், நான் கேட்காததற்கு விடையாக. "பக்கத்து வூட்டு மாரியாயி, நான் சுமங்கலியா, அறுத்தவளான்னு சாடயாப் பேசுறா. கோயில்ல வெத்தல பாக்கு குடுக்குற நேரத்துல என்னத் தாண்டிப் போயிடுறாங்க. ரெண்டுங்கெட்டானா நிக்கிறேன். நீங்க வந்து தண்ணி விட்டாத்தான் நான் இத எறக்க முடியும்."

"இறந்துவிட்டான் என்பதற்கு…" என்று தொடங்கினேன்.

"இருந்தா வந்திருப்பாரு மாமா."

இடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அவள் சொன்னதை, அவள் அடைந்த முடிவின் ஒழுங்கு விளங்கும்படி இங்கே தருகிறேன்.

காட்சித் திடலில் பல விமானங்கள் நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஜப்பானியக் கொடியின் சிவப்பு வட்டம் உண்டு. கடைசியில், தனியாக, எரிந்துபோன ஒன்று கிடக்கிறது. இறக்கைகள் இல்லை. அதில் மட்டும் வட்டம் இல்லை.

"வட்டம் போட்டதெல்லாம் அவங்களுது. போடாதது ஒண்ணுதான் நம்ம தெடல்ல இருந்த பழைய ஆகாயக் கப்பல். அதுக்கு முன்னால ஒரு கட்ட நட்டு, ஊதுவத்தி வச்சிருக்காங்க. காவக்காரன் போறப்ப வாரப்ப அதுக்குத் தலை குனியுறான். அந்த எடத்துல ஆளுங்க செத்தாங்க, மரியாத பண்ணுங்கன்னு மலாய்ல சொன்னாங்க. அன்னிக்கு நம்ம ஆளுங்க அது அடியிலதான் பதுங்கியிருக்கணும். அதான் ஒண்ணும் கெடைக்கல."

அதுமுதல் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து, ஆள் திரும்பாத வீட்டார் வெள்ளிதோறும் போய் அந்த விமானத்தின் முன் படைத்துவருகிறார்கள். ராணுவம் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமல்ல.

"ஒரு பெரிய ஆபீசர் மாமா, தல நரச்சவரு. நாங்க அழுவுறதப் பாத்துட்டு அவரு கண்ணும் கலங்கிருச்சு. எல்லாருக்கும் சீனி குடுக்கச் சொன்னாரு. படம்கூடப் புடிச்சாங்க. அவங்கள்ளயும் மனுசன் இருக்கான் போல."

எதிரியின் இறந்தோருக்கு ஊதுபத்தி வைக்கும் ராணுவம் எனக்கு வியப்பாக இருந்தது. ஆயினும் நான் அதற்கு மேல் சிந்திக்கவில்லை. ஓராண்டாக இடமில்லாமலிருந்த துக்கத்துக்கு இடம் ஒன்று தரப்படும்போது, அதன் சான்றுகளை உடனே சோதிக்க எந்தப் பௌதிக ஆசிரியனுக்கும் மனம் வராது.

மறுநாளுக்கான படையலைப் பெண்கள் தயார் செய்தார்கள். பிண்டத்துக்கு அரிசி இல்லை. மரவள்ளி மாவை உருட்டினார்கள். பசும்பால் ராணுவத்துக்குப் போகிறது; தேங்காய்ப் பால் எடுத்தார்கள். எள் என்பது கேள்விப்பட்ட பொருளாகிவிட்டது. அதற்குப் பதில் பப்பாளி விதைகளைக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தார்கள். கருப்பாக, உருண்டையாக இருந்தன; எள்ளைப் போல இல்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் கூட்டத்தில் பாக்கியமும் நானும், தோட்டத்து மாரியம்மன் கோவில் பண்டாரமும், ஆள் திரும்பாத சில வீட்டாரும். மாரியாயியும் வந்திருந்தாள், அவளுடைய தம்பியும் அந்தத் திங்கட்கிழமை திரும்பாதவன் என்பது வழியில்தான் தெரிந்தது. வாயிலில் உரிய கோணத்தில் குனிந்தோம்.

உள்ளே நுழைந்ததும் என் கால்கள் விரைந்தன. இதை மறைப்பதில் பயனில்லை. படங்களில் மட்டுமே கண்டவர்கள் புல்வெளியில் நின்றார்கள். பீப்பாய் போன்ற பருத்த உடலும் குட்டை மூக்குமாக ஒரு பஃபலோ போர் விமானம். மூக்கு கண்ணாடியாலான பிளென்ஹைம். தொட்டுப் பார்க்கத் தடை. சுற்றிவர அனுமதி உண்டு. ஒன்றின் வால்பகுதியில் குண்டுத் துளைகள் வரிசையாக, தையல் பிரிந்த துணிபோல. எல்லாவற்றின்மேலும் பழைய பிரிட்டிஷ் அடையாளத்தை மறைத்துச் சிவப்பு வட்டம் பூசியிருந்தார்கள். அவசரப் பூச்சு. வண்ணம் கீழே வழிந்து காய்ந்திருந்தது.

அங்கேயே என் மனம் தடுக்கியது. வட்டம் பூசப்பட்டவைதாம் இத்திடலின் பழைய விமானங்கள். கைப்பற்றியவன், கைப்பற்றிய பொருளின் மேல்தான் தன் முத்திரையைப் புதிதாக இடுவான். அப்படியானால் முத்திரை தேவைப்படாத அந்தக் கடைசி விமானம் யாருடையது?

வரிசையின் கோடிக்கு நடந்தேன். அதற்குப் பின்னால் ஜெராய் மலை நீலமாக நின்றது. எரிந்த உடல், கழன்று பக்கத்தில் கிடந்த ஓர் எஞ்சின், நிமிர்ந்த வால். இறக்கைகள் அடியோடு போயிருந்தன; அவற்றில் இருந்திருக்கும் அடையாளமும் அவற்றோடு போயிருந்தது. முதுகில் நீண்ட கண்ணாடிக் கூட்டின் சட்டம், கண்ணாடி உருகிப்போய், மீன் முள்ளைப் போல மிஞ்சியிருந்தது.

பார்த்த கணத்தில் எனக்குள் எழுந்தது மகிழ்ச்சி. இதை எழுத மனம் கூசுகிறது. ஆயினும் எழுத வேண்டும். தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் கண்டுகொண்டவனின் மகிழ்ச்சி அது. என் மேசைக்கு எதிரே, சுவரில், மற்றப் படங்களுக்கு நடுவில் பல காலம் இருந்தவள் இவள். இந்த முதுகுக் கூட்டின் வளைவைச் சபாபதிக்கு விரலால் வரைந்து காட்டியிருக்கிறேன். ஜப்பானில் செய்த இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம்.

மகிழ்ச்சி ஒரு மூச்சளவு நின்றது. அடுத்த மூச்சில் நான் எங்கே நிற்கிறேன், என் கையில் எதை வைத்திருக்கிறேன் என்பது விளங்கிற்று. கையில் மரவள்ளிப் பிண்டம் இருந்தது.

உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. கதவோரத் தகட்டில் ஜப்பானிய எழுத்துகள், தீயில் கருகியும் தெரிந்தன. அருகே மொழிபெயர்ப்பாளராக நின்ற சீன இளைஞர் ஆங்கிலம் அறிந்தவர். முன்னால் நட்டிருந்த மரக்கட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் உதடு அசையாமல் சொன்னார்:

"இந்தத் திடலைத் தாக்கிய முதல் நாளில், கீழிருந்து சுடப்பட்டு விழுந்த விமானம். இதிலிருந்த வீரர்களின் ஆவிக்கு அஞ்சலி. உங்கள் மக்கள் வெள்ளிதோறும் வந்து அவர்களுக்காக அழுகிறார்கள் என்று அதிகாரிக்கு மிகவும் மகிழ்ச்சி. தலைமையகத்துக்கே படம் போயிருக்கிறது." காவலுக்கு நின்றவனை ஒரு முறை பார்த்துவிட்டு, "எனக்கு முதலிலேயே தெரியும், ஐயா. எப்படிச் சொல்வது?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். மாரியாயி அந்த எரிந்த உலோகத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். தம்பியின் முகத்தைத் தடவுவது போல, கன்னத்திலிருந்து மோவாய்க்கு. "கண்ணு, ஒனக்குப் புடிச்ச கருவாடு கெடைக்கல கண்ணு. அடுத்த வாரம் கொண்டாறேன்" என்றாள்.

தங்கள் ஆட்களைக் கொன்றதையே அவர்கள் தடவிக்கொண்டிருந்தார்கள்.

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும் என்பதை என்னால் கணிக்க முடிந்தது. மாரியாயியின் கை அந்த உலோகத்தின்மேல் இருக்கும்போதே சொல்ல வேண்டும். அவள் கத்துவாள். காறி உமிழ்வாள். துப்பாக்கி முனையில் கத்தி பொருத்திய சிப்பாய் எட்டும் தூரத்தில் நிற்கிறான். தப்பித்தாலும் வீட்டுக்கு எதைக் கொண்டுபோவார்கள்? இருந்த ஒரே இடமும் போயிருக்கும். சொல்லாவிட்டால், என் மகனைக் கொன்றதன் காலடியில் நான் அவனுக்குப் பிண்டம் வைக்க வேண்டும்.

"மாமா, பண்டாரம் கூப்புடுறாரு" என்றாள் பாக்கியம்.

"பண்டகசாலை எங்கே இருந்தது, அம்மா?"

அவள் திரும்பிக் கைகாட்டினாள். நாங்கள் வந்த வழிக்கு அப்பால், விமானத்துக்கு நேர் எதிர்ப்புறம், புல் முளைத்த பெரும் பள்ளம் ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் வளைந்த இரும்புச் சட்டங்கள். மழைநீர் தேங்கி, அதில் வானம் தெரிந்தது. ஒரு கட்டடம் இருந்ததற்கு உரிய இடம் முழுவதும் அந்தப் பள்ளமாகவே இருந்தது. அதை நெடுநேரம் பார்த்தேன். நான் கேட்டுக்கொண்டிருந்த சான்று அது. காலைச் சூரியன் என் இடக்கைப் பக்கம் இருந்தது; பள்ளம் தெற்கே.

"பண்டாரம், எந்தத் திசை பார்த்துச் செய்கிறீர்கள்?"

"மொறப்படி தெக்கதாங்க ஐயா. ஆனா சனங்க கப்பலப் பாத்து நின்னாத்தான் ஆறுதலா இருக்குன்னாங்க. நானும் வுட்டுட்டேன்."

"பித்ருக்களின் திசை தெற்கு. இன்று முறைப்படி செய்வோம். எல்லோரும் தெற்கே திரும்புங்கள்."

படித்தவன், ஊரிலிருந்து வந்தவன், இறந்தவனின் தகப்பன். யாரும் மறுக்கவில்லை. முணுமுணுத்தவள் மாரியாயி ஒருத்தி. "இத்தன வாரம் தப்பாவா செஞ்சோம்?"

"தப்பில்லை அம்மா. சேர வேண்டியவர்களுக்குச் சேர்ந்திருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

கூட்டம் முழுவதும் திரும்பியது. விமானமும், ஊதுபத்தியும், எழுத்துக் கட்டையும், ஜெராய் மலையும் எங்கள் முதுகுக்குப் போயின. எதிரே பள்ளமும் அதிலிருந்த வானமும்.

சிப்பாயின் கூச்சல் கேட்டது. அவன் வழிபடும் கட்டைக்கு நாங்கள் முதுகு காட்டிவிட்டோம். ஓடிவந்தவன் காரணம் கேட்கவில்லை. என் கன்னத்தில் அறைந்தான். கண்ணாடி புல்லில் விழுந்தது. என் வாழ்நாளில் என்னை யாரும் அறைந்ததில்லை. இளமையில் என் தந்தையும் அறைந்ததில்லை. வலியைவிட, அந்த ஒலி எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதே வியப்பாக இருந்தது. பாக்கியம் கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைத்து என் கையில் தந்தாள். யாரும் வடக்கே திரும்பவில்லை.

நரைத்த தலை அதிகாரி வந்தார். நான் கோணம் தவறாமல் குனிந்து, இளைஞரின் வழியாகச் சொன்னேன்: "எங்கள் மரபில் இறந்தோரின் உலகம் தெற்கே இருக்கிறது. அவர்களுக்கான உணவைத் தெற்கு நோக்கித்தான் அனுப்ப முடியும். வேறு திசையில் அனுப்பினால் சேராது." ஒவ்வொரு சொல்லும் உண்மை.

இளைஞர் மொழிபெயர்த்தார். நான் சொன்னதைவிடச் சற்று நீளமாகவே பேசினார். அதிகாரி என் கன்னத்தைப் பார்த்தார். சிப்பாயை விலகச் சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வரிசையின் ஓரத்துக்கு வந்து, தாமும் தெற்கே திரும்பி நின்று தலை குனிந்தார்.

அவர் தம்முடைய மனிதர்களுக்காக நின்றார். நாங்கள் எங்களுடைய மனிதர்களுக்காக நின்றோம். எதிரே அவர்கள் குண்டுபோட்ட பள்ளம். என் பக்கத்தில் நின்ற மனிதரின் மூச்சு எனக்குக் கேட்டது. அது சீராக இல்லை. அவர்மேல் கோபம் கொள்ள முயன்றேன். அந்த நேரத்தில் அது வரவில்லை. இன்றுவரை நான் வெட்கப்பட வேண்டுமா என்று எனக்குத் தெரியாத விஷயங்களில் அதுவும் ஒன்று.

"பேரு சொல்லுங்க ஐயா" என்றார் பண்டாரம்.

"சபாபதி."

மங்கிலிருந்த தேங்காய்ப் பாலை ஊற்றினேன். பப்பாளி விதையும் நீரும் விட்டேன். எனக்கு அவன் விட வேண்டிய நீர். மண் அதை உடனே குடித்தது.

திரும்பும் வழியில், முறைப்படி ஓடும் நீரில் பிண்டத்தைக் கரைக்கச் செமிலிங்கில் மெர்போக் ஆற்றங்கரையில் நின்றோம். அலையாத்தி மரங்களின் வேர்கள் சேற்றிலிருந்து விரல்களாக நீட்டிக்கொண்டிருந்தன. பெண்கள் சேலையை விரித்து மறைப்புக் கட்டினார்கள். அந்த மறைப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தவள் மாரியாயி. உள்ளே பாக்கியம் தாலியை இறக்கி, மங்கில் மிஞ்சியிருந்த பாலில் இட்டாள். அழுகைச் சத்தம் மாரியாயியினுடையது. பாக்கியத்தின் குரல் கேட்கவில்லை.

மறைப்பு விலகியபோது அவள் என் அருகே வந்து கரையில் அமர்ந்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"ஒரு சங்கதி மாமா. தெக்கப் பாத்து நின்னப்பத்தான் எனக்கு அவரு அங்க இருக்குற மாதிரியே இருந்துச்சு. இத்தன வாரமா அந்தக் கப்பலப் பாத்து அழுதப்ப அப்படி இல்ல. ஏன்னு தெரியல."

"இனி எல்லோரும் அப்படியே செய்யுங்கள். பண்டாரத்திடம் சொல்லியிருக்கிறேன்."

"சரி மாமா."

ஆறுமுகத்தின் லாரி சாலையில் புகைவிட்டுக்கொண்டு காத்திருந்தது. அப்போது மலைப்பக்கமிருந்து ஒலி கேட்டது. தாழப் பறந்து வருகிறது. இரட்டை எஞ்சின், சக்கரத்தின் ஆரங்களைப் போல அமைந்த உருளைகள், ஒன்றின் துடிப்பு மற்றொன்றோடு முழுவதும் சேராமல் எழும், திடலில் கிடந்தவளின் இனத்துக்கே உரிய அந்த விம்மல். கரையிலிருந்தவர்கள் அனைவரும் அண்ணாந்தார்கள். லூனாஸ் அம்மாள் போலவே பருத்த ஒருத்தி, குழந்தையின் தலையைத் தன் இடுப்போடு அழுத்திக்கொண்டாள். நிழல் ஆற்றைக் கடந்து, எங்களைக் கடந்து, ரப்பர் மரங்களின்மேல் ஏறிப் போயிற்று. நான் நீரில் கரையாமல் மிதந்துகொண்டிருந்த பப்பாளி விதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு கண்ண மூடிக்கிட்டே சொல்லுவாரு, சத்தத்த வச்சே" என்றாள் பாக்கியம். "எங்கப்பாவுக்குத் தெரியாத கப்பலே ஒலகத்துல இல்லேம்பாரு. என்ன கப்பல் மாமா அது?"

"தெரியவில்லை, அம்மா" என்றேன்.